குறுஞ்செய்திப் பலகைக்கு எந்த மைக்ரோகன்ட்ரோலர்?

கைப்பேசியிலிருந்து அனுப்பும் குறுஞ்செய்தியை வாங்கி, சுவரில் மாட்டிய பலகையில் காட்டும் கருவியைச் செய்யப் புறப்படுகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மைக்ரோகன்ட்ரோலரை (கருவியை இயக்கும் சிறு கணினிச் சில்லை) வாங்கலாம் என்பதுதான். என் கணக்கில் அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. எந்த மோடம் (கைப்பேசி வலையமைப்போடு பேசும் பகுதி), எந்தக் காட்சித்திரை என்ற இரண்டும் முடிவானபின் மைக்ரோகன்ட்ரோலருக்கான தேர்வு இரண்டு மூன்று சில்லுகளுக்குள் தானே சுருங்கிவிடும். அவை முடிவாகாத நிலையில் மெகாஹெர்ட்ஸையும் கால்களின் (இணைப்பு முனைகளின்) எண்ணிக்கையையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது, வாசலை அளக்காமல் கதவுக்கு மரம் வாங்குவதைப் போன்றது.

வேலை எவ்வளவு பெரியது என்று முதலில் பார்த்துக்கொள்வோம். ஒரு குறுஞ்செய்தியின் உடல் 140 பைட்டுக்கு மேல் போகாது. அதில் ஆங்கில எழுத்துகள் என்றால், ஒவ்வொன்றும் 7 பிட் என்பதால், 160 அடங்கும். தமிழ் என்றால் ஒவ்வொரு யுனிகோடு குறிக்கும் 2 பைட் ஆவதால் 70 குறிகள்தாம் அடங்கும். ‘ம்’ என்று நாம் ஒரே எழுத்தாக எண்ணுவது அங்கே மகரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள் என்பதையும் மறக்கக் கூடாது. மோடம் இதை மைக்ரோகன்ட்ரோலருக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு குறியையும் நான்கு பதினாறடிமான இலக்கங்களாக விரித்து அனுப்புகிறது. ‘அ’ என்ற ஓர் எழுத்து 0, பி, 8, 5 என்று நான்கு எழுத்துகளாக வந்து சேர்கிறது. ஆகவே முழு நீளத் தமிழ்ச் செய்தி ஒன்றுக்கு 280 எழுத்துகள் கம்பியில் வரும். 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில், ஓர் எழுத்துக்கு 10 பிட் என்ற கணக்கில், நொடிக்கு 960 எழுத்துகள் என்பதால், மொத்தமும் வந்து முடிய நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது.

இந்த அளவு வேலைக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. நாற்பது ஆண்டுக்கு முந்தைய வடிவமைப்பில் உள்ள சில்லும் இதற்குப் போதும். சில்லுகளைப் பிரித்துக் காட்டுகிற கேள்விகள் வேறு: ஒரு செய்தியை முழுமையாக வைத்துக்கொள்ள ரேமில் (நிரல் ஓடும்போது தரவைத் தாங்கும் நினைவகத்தில்) இடம் இருக்கிறதா, காட்சித்திரையைக் கவனித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்து விழும் எழுத்துகளை வாங்கி வைக்க வன்பொருளில் ஏற்பாடு இருக்கிறதா. இந்த இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலான திட்டங்கள் இடறி விழுகின்றன.

மோடத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். பயிற்சித் திட்டங்களில் மிகுதியாகப் புழங்குவது சிம்800எல். இது 2ஜி மட்டுமே அறிந்தது. பல நாடுகளில் 2ஜி சேவை நிறுத்தப்பட்டுவிட்டது அல்லது நிறுத்தப்பட்டு வருகிறது என்பதால், உங்கள் சிம் அட்டை வேலை செய்யும் இடத்தில் 2ஜி இருக்கிறதா, இன்னும் சில ஆண்டுகளுக்கு இருக்குமா என்று தெரிந்துகொண்ட பிறகே அதை வாங்க வேண்டும். இல்லையென்றால் ஏ7670 போன்ற 4ஜி மோடம் தேவைப்படும். இரண்டும் ‘ஏடி’ என்று தொடங்கும் அதே மோடக் கட்டளைகளைத்தான் பேசுகின்றன, ஆனால் மின்னழுத்தத்தில் வேறுபாடு உண்டு. சிம்800எல்-இன் சீரியல் கால்கள் (எழுத்துகளைப் பிட் பிட்டாக அனுப்பவும் வாங்கவும் உள்ளவை) 2.8 வோல்ட் கணக்கில் இயங்குகின்றன. 4ஜி மோடங்கள் பலவற்றில், இணைப்புப் பலகையில் மின்னழுத்த மாற்றி எதுவும் வைக்கப்படாவிட்டால், 1.8 வோல்ட்தான். 5 வோல்ட்டில் ஓடும் மைக்ரோகன்ட்ரோலரை இவற்றோடு நேரடியாக இணைப்பது மோடத்தைக் கொல்லும் வழி. இந்த ஒரு காரணத்தாலேயே 3.3 வோல்ட் சில்லுகளுக்குக் கொஞ்சம் சாதகம் கிடைக்கிறது, 1.8 வோல்ட் மோடத்துக்கு அவற்றுக்கும் மாற்றி வேண்டும் என்றாலும்கூட.

‘என் கருவி செய்தியை வாங்க மட்டும்தான் போகிறது, எதையும் அனுப்பாது, பிறகு மின்சாரம் எதற்கு அதிகம்?’ என்று நினைப்பவர்கள் உண்டு. மோடம் வலையமைப்பில் பதிவு செய்யும்போதும், வந்த செய்தியை வாங்கிக்கொண்டேன் என்று கோபுரத்துக்கு ஒப்புகை தரும்போதும் ஒலிபரப்பத்தான் செய்கிறது. 2ஜி (ஜிஎஸ்எம்) மோடம் அப்போது 4.615 மில்லிநொடிக்கு ஒருமுறை, ஏறத்தாழ 0.577 மில்லிநொடி நேரத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும். வழியில் மெல்லிய கம்பியின் மின்தடை 0.15 ஓம் இருந்தால் போதும், 0.3 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும், 3.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிம்800எல் தன்னை அணைத்துக்கொள்ளும். யுஎஸ்பி கம்பியில் வரும் மின்சாரத்தை நம்பாமல் தனி மின்வழங்கியும், மோடத்தின் காலடியிலேயே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் வைத்துவிட்டால், ‘இந்த மைக்ரோகன்ட்ரோலர் அடிக்கடி தொங்கிவிடுகிறது’ என்ற புகார்களில் பாதி எழாமலே போகும். சில்லை மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

இனிச் சில்லுகளுக்கு வருவோம். கல்லூரித் திட்டங்களில் இன்னும் 8051 குடும்பத்தின் ஏடி89எஸ்52 வந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கடிகாரத் துடிப்பு தர 11.0592 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை இணைப்பதற்குக் காரணம், சில்லு தன்னுள்ளே செய்வதுபோல் அதை 12-ஆலும் 32-ஆலும் வகுத்தால் 28,800 வந்து, அதை 3-ஆல் வகுத்தால் 9600 பிசிறில்லாமல் கிடைக்கும் என்பதே. இந்த அழகை நான் ரசிக்கிறேன், மாணவர்கள் ஒருமுறையாவது இதைக் கையால் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். ஆனால் அதன் உள்ளே இருக்கும் ரேம் மொத்தமே 256 பைட். 280 இலக்கங்களாக வரும் தமிழ்ச் செய்தி அதில் அப்படியே அடங்காது. வரவரவே இரண்டிரண்டு இலக்கங்களை ஒரு பைட்டாகச் சுருக்கி வைத்தால் அடங்கும். 16 எழுத்து, 2 வரி கொண்ட திரையில் ஆங்கிலச் செய்தியைக் காட்டி, தேர்வில் மதிப்பெண் வாங்குவதுதான் நோக்கம் என்றால் இது போதுமானது. அதைத் தாண்டிய எதற்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

368 பைட் ரேமை நான்கு பிரிவுகளாகப் பிரித்து வைத்திருக்கும் பிக்16எஃப்877ஏ-வுக்கும் இதே தீர்ப்புதான். 512 பைட் ரேம் கொண்ட எம்எஸ்பி430ஜி2553-ஐச் சிலர் மின்சிக்கனத்துக்காகத் தேடிப் போகிறார்கள். மோடமும் எல்இடி பலகையும் குடிக்கிற மின்சாரத்துக்கு முன்னால் மைக்ரோகன்ட்ரோலர் மிச்சப்படுத்தும் சில மில்லிஆம்பியர் எந்த மூலைக்கு?

பெரும்பாலோரின் முதல் தேர்வான ஆர்டுயினோ ஊனோவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் ஆர்3 வடிவில் உள்ள ஏடிமெகா328பி சில்லில் 32 கிலோபைட் ஃபிளாஷ் (நிரல் தங்கும் நினைவகம்), 2 கிலோபைட் ரேம், 1 கிலோபைட் ஈப்ரம் (மின்சாரம் போனாலும் தரவை இழக்காத நினைவகம்), ஒரே ஒரு சீரியல் போர்ட் ஆகியவை உண்டு. அந்த ஒரு போர்ட்டையும் யுஎஸ்பி பிடித்துக்கொள்வதால், மோடத்தை வேறு இரண்டு கால்களில் இணைத்து, ‘சாஃப்ட்வேர் சீரியல்’ என்ற லைப்ரரியைக் கொண்டு மென்பொருளாலேயே எழுத்துகளை வாங்குவது வழக்கமாகிவிட்டது. 16 எழுத்துத் திரைக்கு இந்த ஏற்பாடு பழுதில்லாமல் ஓடும். அந்தத் திரைக்கு ஒருமுறை எழுதிவிட்டால் தானே நினைவில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும், மைக்ரோகன்ட்ரோலருக்கு வேறு வேலை வைக்காது.

நான் இதே ஏற்பாட்டில் நான்கு பி10 எல்இடி பலகைகளை வரிசையாக இணைத்தபோதுதான் பாடம் கற்றேன். மேசையில் தனித்தனியே சோதித்தபோது மோடமும் சரி, பலகையும் சரி, குறை சொல்ல இடமில்லாமல் வேலை செய்தன. சேர்த்து ஓடவிட்டதும் ‘கூட்டம் 5 மணிக்கு’ என்று அனுப்பிய செய்தி குப்பையாக வந்தது. செய்தி வரும் கணத்தில் பலகையில் ஒரு வரிசைத் தொகுதி மட்டும் பளிச்சென்று எரிந்து, மற்றவை அணைந்து போயின. இரண்டு நாள் மோடத்தைத் திட்டிவிட்டு, மூன்றாம் நாள் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பி10 பலகைக்கு நினைவு கிடையாது. 32-க்கு 16 என்ற கணக்கில் 512 விளக்குகளை நான்கு தவணையாக, கண் ஏமாறும் வேகத்தில் மைக்ரோகன்ட்ரோலர்தான் ஓயாமல் எரிய வைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு தவணைக்கு ஒரு பலகையில் 128 பிட் என்றால், நான்கு பலகைக்கு 512 பிட். 4 மெகாஹெர்ட்ஸில் தள்ளினாலும் 128 மைக்ரோநொடி போய்விடும். 9600 பாட் வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுளோ 104 மைக்ரோநொடிதான். பலகைக்கான இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் சிறு நிரல்) ஓடி முடிப்பதற்குள் மோடம் அனுப்பிய பிட் ஒன்று யாரும் பார்க்காமலே கடந்து போயிருக்கும். மறுபக்கம், சாஃப்ட்வேர் சீரியல் ஓர் எழுத்தை வாங்கும் ஒரு மில்லிநொடி முழுவதும் மற்ற இன்டரப்ட்டுகளை நிறுத்தி வைப்பதால் பலகை அப்படியே உறைந்து நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. தவறு மோடத்துடையதும் அல்ல, பலகையுடையதும் அல்ல. ஒரே ஆளை இரண்டு வாசலில் நிறுத்திய என்னுடையது.

ஊனோவிலேயே இதற்கு வழி இருக்கிறது. வன்பொருள் சீரியல் போர்ட்டான 0, 1 ஆகிய கால்களை மோடத்துக்குக் கொடுத்துவிட்டால், வந்த எழுத்துகளில் இரண்டை அந்தப் போர்ட்டே பிடித்து வைத்துக்கொள்ளும். 128 மைக்ரோநொடித் தாமதம் அதற்குத் தாங்கும். விலையாக, நிரலை ஏற்றும் ஒவ்வொரு முறையும் மோடத்தின் கம்பியைக் கழற்ற வேண்டும், பிழை தேடக் கணினித் திரையில் எதையும் எழுதிப் பார்க்க முடியாது. இன்னொரு வழி, செய்தி வந்ததும் அப்படியே கொட்டுமாறு மோடத்துக்குச் சொல்லாமல், சிம் அட்டையில் சேமித்து வைக்குமாறு சொல்வது. புதுச் செய்தியை என்ன செய்வது என்று மோடத்துக்குச் சொல்லும் சிஎன்எம்ஐ கட்டளையில் ‘2,2’ என்பதற்குப் பதில் ‘2,1’ என்று கொடுத்தால் இது நடக்கும். செய்தி வந்ததை சிம்800எல் தன் ஆர்ஐ காலை 120 மில்லிநொடி நேரம் தாழ்த்திக் காட்டும். அதைக் கண்டதும் பலகையை அணைத்துவிட்டு, நிதானமாகச் செய்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மீண்டும் ஏற்றலாம். பலகை ஒரு கணம் இருண்டு எரிவதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. புதுச் செய்தி வருகிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். வாங்கிய செய்தியை உடனே அழித்துவிடுவது முக்கியம். சிம் அட்டையில் சில பத்துச் செய்திகளுக்கே இடம் இருக்கும் என்பதால், நிரம்பிவிட்டால் அதன்பின் எதுவும் வந்து சேராது. ‘ஒரு மாதம் நன்றாக ஓடி, திடீரென்று நின்றுவிட்டது’ என்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஊனோவின் 2 கிலோபைட் ரேமும் எளிதில் தீர்ந்துவிடும். 128-க்கு 64 அளவுள்ள ஓஎல்இடி திரையின் முழுப் படத்தை ரேமில் வைத்தால் 1024 பைட், அதாவது சரிபாதி, அதிலேயே போய்விடுகிறது. மீதியில் செய்தியும் சீரியல் பஃபர்களும் (வரும் எழுத்துகளைத் தற்காலிகமாக வைக்கும் இடங்களும்) அடங்கும், ஆனால் நெருக்கியடித்துக்கொண்டுதான். இங்கே எழுத்துச் சரங்களைத் தாராளமாக ஒட்டி வெட்டி எழுதும் நிரல், ரேமைத் துண்டு துண்டாக்கி, சில நாள் கழித்துக் காரணம் தெரியாமல் நிற்கும். ஏடிமெகா2560 உள்ள ஆர்டுயினோ மெகாவில் 8 கிலோபைட் ரேமும் நான்கு சீரியல் போர்ட்டுகளும் இருப்பதால் இந்த இரண்டு தொல்லைகளும் ஒரே நாளில் தீரும். ஊனோவுக்கு எழுதிய நிரலை வைத்துக்கொண்டு திணறுபவருக்கு இதுதான் மிகக் குறைந்த உழைப்பில் கிடைக்கும் விடை. அளவு பெரிது என்பதும், 5 வோல்ட் என்பதும்தான் குறை.

தமிழில் காட்ட வேண்டுமென்றால் கணக்கு மாறிவிடுகிறது. 16 எழுத்துத் திரையில் நாமே வரைந்து வைத்துக்கொள்ளக்கூடிய எழுத்துகள் எட்டே எட்டு. அதுவும் 5-க்கு 8 புள்ளிக் கட்டத்துக்குள். அதில் ‘ணூ’ எழுத முயன்று பார்த்தவர்கள் மறுபடி அந்தப் பக்கம் போவதில்லை. ஆகவே புள்ளித் திரையோ எல்இடி பலகையோதான் வேண்டும், எழுத்துருவும் நாமே கொடுக்க வேண்டும். 16-க்கு 16 புள்ளி என்றால் ஓர் எழுத்துக்கு 32 பைட். உகர, ஊகார வரிசைகள் மெய்யைப் பொறுத்து உருமாறுவதால் அவற்றைத் தனித்தனியே வரைய வேண்டும். இகர, ஈகார வரிசைகளையும் அப்படியே வைத்துக்கொண்டால் கிரந்தம் சேர்த்து ஏறத்தாழ 150 உருவங்கள், 4800 பைட் அளவில் முடியும். ஏடி89எஸ்52-இன் 8 கிலோபைட் ஃபிளாஷில் இது பாதிக்கு மேல். ஊனோவில் தாராளமாக அடங்கும். வரிசையையும் மாற்றிக்கொடுக்க வேண்டும். ‘கெ’ என்பது ககரம், கொம்பு என்ற வரிசையில்தான் செய்தியில் வரும், திரையிலோ கொம்பு முன்னால் நிற்க வேண்டும். ‘கொ’ என்பதில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலுமாக ஒரே குறி இரண்டாகப் பிரிய வேண்டும். ஐம்பது அறுபது வரி நிரலில் முடிகிற வேலைதான். ஆனால் தமிழில் நாலு வரி எழுதினாலே 70 குறிகளைத் தாண்டிவிடும் என்பதால், செய்தி பல துண்டாகப் பிரிந்து, துண்டுக்கு 67 குறிகளாக வரும், சில நேரம் முன்பின் மாறியும் வரும். எது எத்தனையாவது துண்டு என்பது செய்தியின் தலைப்பகுதியில் இருக்கிறது. அதை ஒழுங்காகப் படிக்க, எளிய உரைப் பாணியைக் கைவிட்டு, செய்தியைத் தலைப்பகுதியோடு மூல வடிவில் தரும் பிடியு பாணிக்குப் போக வேண்டியிருக்கும். இதையெல்லாம் 2 கிலோபைட்டுக்குள் செய்ய முடியும் என்று நிரூபிப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை.

அந்த இடத்தில் 32-பிட் சில்லுகள் வருகின்றன. ‘புளூ பில்’ என்ற சிறு பலகையில் வரும் எஸ்டிஎம்32எஃப்103சி8-இல் 64 கிலோபைட் ஃபிளாஷ், 20 கிலோபைட் ரேம், மூன்று சீரியல் போர்ட்டுகள் உள்ளன. இதன் சிறப்பு டிஎம்ஏ: மோடத்திலிருந்து வரும் எழுத்துகளைச் செயலியை எழுப்பாமலே ரேமில் அடுக்கி வைத்துவிட்டு, கம்பி அமைதியானதும் ஒரே ஒரு இன்டரப்ட் கொடுக்கச் செய்யலாம். என் நான்கு பலகைச் சண்டை இங்கே தொடங்கவே தொடங்காது. தொழில்முறையில் பல கருவிகள் செய்பவருக்கு இதையே சொல்வேன். ஆனால் அதன் கருவித்தொகுப்பைப் பழகச் சில வாரம் பிடிக்கும். மலிவான புளூ பில் பலகைகளில் வேறு சில்லைப் பொருத்தி விற்பதும் பரவலாக நடப்பதால், நம்பகமான இடத்தில் வாங்க வேண்டும்.

ஒன்றிரண்டு கருவிகள் மட்டும் செய்பவருக்கு ஈஎஸ்பி32 பொருந்தும். 520 கிலோபைட் ரேம், 240 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் இரட்டைக் கருக்கள் (தனித்தனியே நிரலை ஓட்டும் செயலிப் பகுதிகள்), மூன்று சீரியல் போர்ட்டுகள், ஒவ்வொன்றிலும் 128 பைட் வன்பொருள் பஃபர் எல்லாம் இந்த வேலைக்குத் தேவைக்கு அதிகம்தான். ஆர்டுயினோ பாணியிலேயே நிரல் எழுதலாம் என்பதும், மோடத்தை ஒரு கருவிலும் காட்சியை இன்னொன்றிலும் ஓடவிடலாம் என்பதும் பெரிய ஆறுதல். இரண்டு இடங்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இரண்டாவது சீரியல் போர்ட்டின் இயல்பான கால்கள் ஃபிளாஷ் நினைவகத்தின் கால்களோடு மோதுவதால், அதை வேறு கால்களுக்கு மாற்றியே பயன்படுத்த வேண்டும். ஃபிளாஷில் எதையாவது எழுதும் கணத்தில், அங்கிருந்து ஓடும் நிரல் காத்து நிற்பதால், பலகைக்கான இன்டரப்ட்டை ரேமில் வைக்காவிட்டால் ஒளி துடிக்கும். வைஃபை இருக்கிறதே என்று கேட்பவருக்கு: பலகை மாட்டும் இடத்தில் நிலையான வைஃபை இருந்தால் குறுஞ்செய்தியே தேவையில்லை, மோடம் முதலான பாதிச் சுமை இறங்கிவிடும். வைஃபை இல்லாத வாயிலிலோ வயலிலோ மாட்டுவதால்தானே குறுஞ்செய்தியைத் தேடிப் போகிறோம்.

264 கிலோபைட் ரேமும் இரண்டு சீரியல் போர்ட்டுகளும் கொண்ட ராஸ்பெரி பை பிக்கோவும் சம தகுதி உடையதே. அதன் பிஐஓ என்ற சிறு இயந்திரங்கள் எட்டும் செயலியின் உதவி இல்லாமல் எல்இடி பலகையை ஓட்ட வல்லவை. பெரிய பலகை செய்பவர் அதைப் பரிசீலிக்கலாம். ராஸ்பெரி பை ஜீரோ மைக்ரோகன்ட்ரோலர் அல்ல, முழுக் கணினி. தமிழ் எழுத்துகளை அடுக்கும் தொல்லை அதில் அறவே இல்லை என்பது உண்மை. ஆனால் மின்சாரம் சொல்லாமல் போகும் இடத்தில் அதன் நினைவக அட்டை கெட்டுப்போகும் வாய்ப்பை நான் ஏற்க மாட்டேன்.

மின்தடைக்குப் பின் கடைசிச் செய்தி பலகையில் மீண்டும் வர வேண்டும் என்பது எல்லோரும் பின்னால்தான் நினைத்துக்கொள்ளும் தேவை. இதில் பழைய ஏடிமெகாவுக்கு ஒரு சாதகம் உண்டு: அதன் ஈப்ரமில் ஓரிடத்தில் 1,00,000 முறை எழுதலாம், பைட் பைட்டாக எழுதலாம். எஸ்டிஎம்32எஃப்103-இலும் பிக்கோவிலும் ஈப்ரம் இல்லை. ஃபிளாஷில் ஒரு பக்கத்தை முழுதாக அழித்துத்தான் எழுத வேண்டும், எஸ்டிஎம்32-க்கு உறுதியளிக்கப்படும் எண்ணிக்கையும் 10,000 முறைதான். நாளுக்கு ஐந்து செய்தி என்றால் அதுவே ஐந்து ஆண்டுக்கு மேல் வரும். அனுமதிக்கப்பட்ட கைப்பேசி எண்களின் பட்டியலும் அங்கேயே இருக்கட்டும். அனுப்புநர் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும் என்பதால், செய்தியின் தொடக்கத்தில் ஒரு கடவுச்சொல்லையும் கேட்பது நல்லது. இல்லையென்றால், பொது இடத்துப் பலகையில் யாரோ ஒருவர் எழுதும் வசைக்கு நீங்கள் பதில் சொல்ல நேரும்.

ஆங்கிலச் செய்தி, சிறு திரை, கற்றுக்கொள்ளும் நோக்கம் என்றால் ஊனோ. தமிழோ, பி10 பலகையோ, இரண்டில் ஒன்று வந்தாலும் ஈஎஸ்பி32. பத்துக்கு மேல் செய்து பிறருக்குக் கொடுப்பதென்றால் எஸ்டிஎம்32. என் பலகை இப்போது ஈஎஸ்பி32-இல் ஓடுகிறது. அதில் மோடத்தின் ரீசெட் காலையும் மைக்ரோகன்ட்ரோலரில் இணைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘ஏடி’ என்று கேட்டு, மூன்று முறை பதில் வராவிட்டால் மோடத்தை மறுதொடக்கம் செய்யும்படி எழுதியிருக்கிறேன். எந்தச் சில்லை எடுத்தாலும் அந்த ஒரு காலுக்கு முதலிலேயே இடம் ஒதுக்கிவிடுங்கள், ஏணி வைத்து ஏறிப் பலகையைக் கழற்றும் வேலை இருக்காது.